கோள்தளத்துக்கு அப்பால் – 11: அகத்தியர் எவ்வளவு ஆழத்தில்?

எட்டுக் கோள்களும் ஏறக்குறைய ஒரே தட்டில் சூரியனைச் சுற்றுகின்றன என்பதும், பூமியின் சுற்றுப்பாதை அமைந்த அந்தத் தட்டையே இத்தொடர் ‘கோள்தளம்’ என்று குறிக்கிறது என்பதும் தொடர்ந்து படித்து வருவோர் அறிந்தவை. அவற்றை மீண்டும் விரிக்க இவ்வாரம் இடமில்லை. வாயேஜர் கலங்கள் இரண்டும் அத்தளத்தை விட்டு எத்திசைகளில் விலகின என்று விளக்குவதாகச் சென்ற இதழில் வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆனால் தளத்துக்கு மேலும் கீழும் விண்மீன்கள் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்ற கணக்கை முதலில் போட்டுப் பார்க்காவிட்டால், அந்தத் திசைகள் வெறும் பாகைக் கணக்காகவே நின்றுவிடும்.

அந்தக் கணக்கைத் தொடங்கச் சிதம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. நடராசருக்கு ஆண்டுக்கு ஆறு முறை நடைபெறும் அபிஷேகங்களில் மூன்று திதியைக் கொண்டும், மூன்று நட்சத்திரத்தைக் கொண்டும் அமைகின்றன. சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய அந்த மூன்று நாட்களும், சந்திரன் வான்வட்டத்தின் இருபத்தேழு பங்குகளில் அந்தந்தப் பெயருடைய பங்கைக் கடப்பதைக் கொண்டு பஞ்சாங்கத்தில் குறிக்கப்படுகின்றன. இவ்வாறு குறிக்கும்போது கணக்கில் வருவது கோள்தளத்தை ஒட்டிய சுற்றளவு மட்டுமே. விண்மீன் அத்தளத்திலிருந்து மேலேயோ கீழேயோ எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது, அதாவது அதன் தளவிலக்கம், நாள் குறிப்பதில் இடம்பெறுவதில்லை. சந்திரன் கோள்தளத்திலிருந்து ஐந்து பாகைக்குச் சற்று அதிகமாக மட்டுமே விலகக்கூடியது. திருவாதிரையோ தளத்துக்கு 16 பாகை கீழே இருப்பது. ஆகவே மார்கழித் திருவாதிரை நாளான ஆருத்ரா தரிசனத்தன்று மட்டுமன்றி, எந்நாளிலும் சந்திரன் திருவாதிரையை மறைப்பதற்கு வழியே இல்லை. மகம், சித்திரை, கேட்டை, ரோகிணி ஆகியவை தளத்தை ஒட்டியே இருப்பதால் சந்திரன் அவ்வப்போது அவற்றை மறைத்துச் செல்வதுண்டு.

திருவோணம் தளத்துக்கு மேலே 29 பாகையிலும், உத்திரம் 12 பாகையிலும் உள்ளன. வானத்தை ஒரு கவிந்த கூரையாக எண்ணிப் பார்ப்பவருக்கு இவ்விரண்டில் திருவோணமே மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். தொலைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. திருவோணம் சுமார் 16.7 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு). உத்திரம் சுமார் 36 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆகவே கோள்தளத்திலிருந்து செங்குத்தாக அளந்தால், திருவோணம் 8.2 ஒளியாண்டு உயரத்திலும் உத்திரம் 7.6 ஒளியாண்டு உயரத்திலும் நிற்கின்றன. சிதம்பரத்தின் இரண்டு நட்சத்திர நாட்களுக்குரிய விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்பது வெறும் தற்செயல்தான். ஆயினும் சொல்லாமல் விட மனம் வராத தற்செயல்.

இந்த அளவுகளைக் கண்முன் கொண்டுவர, சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த பிச்சாவரத்து உப்பங்கழியின் நீர்மட்டத்தைக் கோள்தளமாகவும், ஓர் ஒளியாண்டை ஒரு மீட்டராகவும் கொள்ளலாம். படகுத்துறையின் ஓரத்தில் சூரியனை வைத்தால், நெப்டியூன் வரையிலான கோள்மண்டலம் முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான குறுக்களவுள்ள புள்ளியாக நீரின் மேல் மிதக்கும். 1977ஆம் ஆண்டில் புறப்பட்ட வாயேஜர் 1 இன்னும் அதிலிருந்து மூன்று மில்லிமீட்டரைக்கூட எட்டியிருக்காது. மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான ஆல்பா சென்டாரி நீர்மட்டத்துக்கு மூன்று மீட்டர் கீழே அமையும்; ஆளுயரத்துக்கே நீர் நிற்கும் கால்வாய்கள் பல உள்ள அந்தக் கழியில் அது பெரும்பாலும் சேற்றுக்குள்தான் புதைந்திருக்கும். திருவோணமும் உத்திரமும் சுரபுன்னைகளுக்கு மேலே எட்டு மீட்டரையொட்டி, துறையிலிருந்து வெவ்வேறு திசைகளில் நிற்கும். திருவாதிரை நீருக்கு அடியில் 140 முதல் 190 மீட்டர் ஆழத்தில் எங்கோ இருக்கும்.

திருவாதிரைக்கு மட்டும் இவ்வளவு தளர்வான எண் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. பூமி ஆறு மாதத்தில் சூரியனின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லும்போது, அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் சற்றே இடம் மாறியதாகத் தோன்றுகிறது. இடமாறு தோற்றம் எனப்படும் இந்த நுண்ணிய நகர்வே விண்மீன்களின் தொலைவை அளக்கும் அடிப்படை வழி. 1838ஆம் ஆண்டில் வானியலாளர் பெசல் ஒரு விண்மீனுக்கு இதை அளந்து வெளியிட்ட பிறகுதான் வானத்துக்கு ஆழம் என்ற மூன்றாவது அளவு கிடைத்தது. இந்நகர்வின் வடிவமும் தளவிலக்கத்தைப் பொறுத்ததே: தளத்திலேயே உள்ள மகம் போன்ற விண்மீன் ஆண்டு முழுவதும் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அசைகிறது, தளத்துக்கு நேர் மேலே அல்லது நேர் கீழே உள்ளது வட்டமிடுகிறது, இடைப்பட்டவை நீள்வட்டம் வரைகின்றன. திருவாதிரையோ தன் இடமாறு தோற்றத்தைவிடப் பல மடங்கு அகன்ற வட்டாகத் தெரியும் ராட்சத விண்மீன். அதன் மேற்பரப்பு கொதித்துக் குழம்பியபடி இருப்பதால், வட்டின் நடு எது என்பதே தடுமாறுகிறது. ஆகையால் 500 முதல் 700 ஒளியாண்டு வரை வெவ்வேறு மதிப்பீடுகள் உள்ளன.

ஏறத்தாழ வட்டமிடும் விண்மீன்களில் நம்மவர் நன்கறிந்தது அகத்தியர் விண்மீன், அதாவது கனோபஸ். அதன் தளவிலக்கம் தெற்கே 76 பாகை. தொலைவு சுமார் 310 ஒளியாண்டு. பிச்சாவரத்து அளவுகோலில் அது படகுத்துறையிலிருந்து 76 மீட்டர் மட்டும் தள்ளி, 300 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். சூரியனைப் போல் சுமார் 10,000 மடங்கு ஒளிர்வதால்தான் அவ்வளவு ஆழத்திலிருந்தும் வானின் இரண்டாவது பிரகாசமான விண்மீனாக அது தெரிகிறது.

இந்த இருப்பிடத்தால் அகத்தியருக்கு வாய்த்த பணியே இவ்வாரப் பகுதியின் பெரும்பங்கை இழுத்துக்கொண்டது. கோள்களுக்குச் செல்லும் விண்கலம் தன் நிலையைச் சூரியனைப் பார்த்து ஒரு திசையில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சூரியனை நோக்கிய அச்சைச் சுற்றி அது உருண்டுகொண்டிருந்தால் அலைவாங்கி பூமியை நோக்கி நிற்காது. அந்த உருளலைத் தடுக்க இரண்டாவது குறி ஒன்று தேவை. வெள்ளிக்குச் சென்ற மரைனர் 2 பூமியையே அக்குறியாகக் கொண்டது. தொலைவுப் பயணத்துக்குக் குறியாகும் விண்மீன் பிரகாசமாகவும் இருக்கவேண்டும், சூரிய ஒளியில் அகப்படாமலும் இருக்கவேண்டும். தளத்தையொட்டிய விண்மீன்கள் ஆண்டில் ஒருமுறையேனும் சூரியனுக்குப் பின்னால் போய்விடுகின்றன. தளத்தின் ஏறக்குறைய நேர் கீழே நிற்கும் அகத்தியரோ, கலம் சூரியனைச் சுற்றி எந்த இடத்துக்குப் போனாலும் சூரியத் திசைக்கு ஏறத்தாழச் செங்கோணத்திலேயே இருக்கிறார். ஆகவே உணரியைக் கலத்தின் பக்கவாட்டில் பொருத்திச் சிறிதளவே திருப்பினால் போதும். தளத்தின் வடமுனையருகே இப்படியொரு பிரகாசமான விண்மீன் கிடையாது.

1964 நவம்பர் 28 அன்று செவ்வாய்க்குப் புறப்பட்ட நாசாவின் மரைனர் 4தான் அகத்தியரைப் பார்த்து நிலைகொண்ட முதல் கலம். பணி எளிதில் முடியவில்லை. அதன் உணரி மகம் உள்ளிட்ட வேறு சில விண்மீன்களைப் பிடித்துப் பிடித்து நழுவவிட்ட பிறகே அகத்தியரைக் கண்டுபிடித்தது. பின்னரும் கலத்திலிருந்து உதிர்ந்த துகள்கள் வெயிலில் மின்னி உணரியை ஏமாற்றின. அடுத்தடுத்து வந்த கலங்களுக்கும் அதே விண்மீனே வழிகாட்டியாயிற்று. வாயேஜர் கலங்களின் விண்மீன் உணரிக்குக் கனோபஸ் உணரி என்றே பெயர். உலகின் சமநிலையைக் காக்க அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைப் படித்ததும் புராணம் முன்னரே அறிந்திருந்தது என்று மார்தட்டக்கூடும். அதற்கு இங்கே ஆதாரமில்லை. தெற்கே தனித்து ஒளிரும் விண்மீன் எது என்று தேடினால் யாருக்கும் அதுவே கண்ணில் படும்.

அதே தென்முனைப் பகுதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு பழைய உறவும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ஆம் ஆண்டில் கண்டறிந்த ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற விண்மீன், கோள்தளத்துக்கு 80 பாகை கீழே, அகத்தியரைவிடவும் முனையை நெருங்கி நிற்பது. சுமார் ஒன்பது மாதச் சுழற்சியில் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவது. சென்னையிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 14 பாகைக்கு மிகாமல்தான் எழும் என்பதை நினைத்தால், கட்டடமும் விளக்கும் பெருகாத அக்காலத்து அடிவானத்தின் மீது பொறாமை வருகிறது.

இன்று அந்தத் தென்முனைத் திசையைக் காண விரும்புவோர் மாசி மாத முன்னிரவில் பிச்சாவரத்திலோ கிள்ளையிலோ தெற்கு நோக்கி நின்றால் போதும். அகத்தியர் அடிவானத்திலிருந்து 26 பாகை உயரத்தில் நிற்பார். அவருக்குக் கீழே 14 பாகை இறங்கிச் சற்றே வலப்புறம் சென்றால், வெறும் கண்ணுக்கு விண்மீன் எதுவும் எடுப்பாகத் தெரியாத அந்த இடமே கோள்தளத்துக்கு நேர் கீழான திசை. பால்வீதியின் தட்டு கோள்தளத்தோடு 60 பாகை சாய்ந்து கிடப்பதால், இத்திசை பால்வீதிக்கும் ‘கீழ்’ ஆகிவிடாது. அச்சாய்வைப் பற்றித் தனியே ஒரு பகுதி வேண்டும்.

வாயேஜர்கள் அடுத்த வாரம். 1980 நவம்பரில் சனியின் துணைக்கோளான டைட்டனை நெருங்கிப் பார்ப்பதற்காக வாயேஜர் 1 தளத்தின் வடபுறம் 35 பாகை நோக்கித் திரும்பியதும், புளூட்டோவுக்குச் செல்லும் வாய்ப்பை அதற்காகக் கைவிட்டதும், 1989 ஆகஸ்டில் நெப்டியூனின் வடமுனைக்கு மேலாகப் பறந்த வாயேஜர் 2 அதனாலேயே தெற்கு நோக்கி 48 பாகை சரிந்ததும் அதில் இடம்பெறும்.