துப்பாக்கி பிடிக்கும் கை ஏன் வலிக்கிறது?

மணிக்கட்டு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கையில் எதைப் பிடித்து வேலை செய்கிறீர்கள்?" என்பதைத்தான். செங்கல்பட்டில் இதற்குப் பலவிதமான பதில் வரும். மாமல்லபுரத்துச் சிற்பி "உளி" என்பார். ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிற பெண் "ஆக்சிலேட்டர்" என்பார். இப்போது "பிஸ்டல், டாக்டர்" என்ற பதிலும் வருகிறது. பயந்துவிடாதீர்கள், பிள்ளைகள் விளையாட்டாகப் பழகும் ஏர் பிஸ்டலைத்தான் சொல்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, அதே விளையாட்டு. நம் மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் போலீசாரின் துப்பாக்கி சுடும் தளமே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்குப் பெருவிரல் அடியில் வலி; தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. "கனமான துப்பாக்கியைத் தூக்கறா டாக்டர், அதான் வலிக்குது. நல்லா இறுக்கிப் பிடின்னு நானும் தினமும் சொல்றேன்" என்றார் அம்மா. வலிக்குக் காரணமே அந்த 'இறுக்கி'தான்!

ஏர் பிஸ்டலின் எடை சுமார் ஒரு கிலோ. விதிப்படி ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அதை ஒரே கையால் நீட்டிப் பிடித்து, 10 மீட்டர் தூரத்துக் குறியைப் பார்த்து, 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். இதில் பின்னுதைப்பு மிகக் குறைவு. ஆகவே வலி, குண்டு வெடித்து வருவதல்ல; பிடித்து நிற்பதால் வருவது.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பெருவிரல் பக்கம் இரண்டு தசைநாண்கள் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. கை நீட்டுவதையும் மடக்குவதையும் வியானன் என்ற வாயுவின் வேலையாகச் சித்த மருத்துவம் சொல்கிறது. வழி நெருக்கப்பட்டால் அங்கே வாதம் தங்கும் என்போம். இன்றைய மருத்துவம் தசைநாண் உறையின் உரசல், வீக்கம் என்கிறது.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கி மூடுங்கள். மூட வரவில்லை அல்லவா? மணிக்கட்டை நேராக்கியதும் பிடி தானாக வலுக்கிறது. மடங்கிய மணிக்கட்டோடு பிடிக்கிறவர், குறைந்த வலுவை ஈடுகட்ட இன்னும் இறுக்குகிறார். இறுக்க இறுக்கக் கை நடுங்கும், குறி தவறும், வலியும் சேரும்.

சரியான பிடி எது? பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவில் பிஸ்டலின் பின்பகுதி ஆழமாக உட்கார வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் நேர் பின்னோக்கி அழுத்தட்டும். சுண்டுவிரல் சும்மா தொட்டிருந்தால் போதும். பெருவிரல் அழுத்தவே கூடாது. அந்தப் பெண் தவறியது இங்கேதான். ஆள்காட்டி விரலுக்கு விசை மட்டுமே வேலை. ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தபட்சமாக வைத்திருக்கும் எடையே 500 கிராம்தான். அதற்கு முழங்கையையே முறுக்க வேண்டுமா?

கைப்பிடியின் அளவையும் பாருங்கள். பயிற்சி மையத்துப் பொதுத் துப்பாக்கி பெரியவர் கைக்கு அமைந்ததாக இருக்கலாம். மரப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தும், மரப்பசை பூசியும் கைக்கு ஏற்றபடி செய்துகொள்வது சுடுகிறவர்களின் வழக்கம்தான். பயிற்சியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். 'பட்டி கட்டிக்கொண்டு போட்டிக்குப் போகட்டுமே' என்று நினைக்க வேண்டாம். சுடும் கையின் மணிக்கட்டில் பட்டி, கைக்கடிகாரம் எதுவும் கூடாது என்பது விதி.

காவல்துறையில் இருப்பவர்கள் பிடிக்கும் 9 மி.மீ. பிஸ்டல் கதை வேறு. அங்கே உதைப்பு உண்டு. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் அது பின்னால் மடங்கும். இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை உறுதியாக, முழங்கையை லேசாக மடக்கி வைக்க வேண்டும்.

பிள்ளைக்கு வலி என்றதும் சிலர் கடையில் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கித் தருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! களைத்த தசையை மேலும் இறுக்கப் பழக்குவதாகிவிடும். விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி, விரித்து விரித்து மூடுவதே மேல்.

வலி உள்ள கைக்கு முதலில் ஓய்வு. இரண்டு வாரமாவது பிஸ்டலைத் தொட வேண்டாம். வீக்கமும் சூடும் இருக்கும்போது தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். வீக்கம் தணிந்த பிறகு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி, இளஞ்சூட்டில் ஒற்றடம் கொடுக்கலாம். உளுந்துத் தைலத்தை மெல்லத் தடவலாம். மணிக்கட்டில் மணிபந்த வர்மம் இருக்கிறது. 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று வருகிற எவரிடமும் அந்த இடத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாத நிலைகளும் உண்டு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் இரவில் தூக்கம் கலைந்தால் நரம்பைப் பரிசோதிக்க வேண்டும். பெரியவர்களானால் சர்க்கரையும் தைராய்டும் கூடப் பார்க்க வேண்டும். கை ஊன்றி விழுந்த பிறகு பெருவிரல் அடிக்குழியில் வலி இருந்தால் எக்ஸ்ரே அவசியம். அங்கே உள்ள எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமலும் போகும். வலி நீடித்தால் பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஏர் பிஸ்டல் ரவை ஈயம். பயிற்சி முடிந்து வந்த கையை சோப்பு போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள்.

மீண்டும் பழக ஆரம்பிக்கும்போது ரவை இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, முதல் நாள் பத்து முறை மட்டும் தூக்கி இறக்கட்டும். மறுநாள் காலையில் வலி இல்லையென்றால் ஐந்து கூட்டலாம். வலித்தால் முந்தின கணக்குக்கே திரும்ப வேண்டும்.