கடைசிப் பெட்டியில் யார் இருக்கிறார்?

அருவக்காட்டில் வெட்டியெடுக்கும் சுண்ணக்கல் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில்தான் போகிறது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் போரோடு மூடப்பட்டது. பாலாவியோ இன்றும் இயங்குகிறது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் வந்து குடியேறியதும் பாலாவி, கற்பிட்டிப் பக்கம்தான். எனவே இந்தத் தண்டவாளத்தை அண்டி வாழ்பவர்களில் ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதே பாதையில் கொழும்புக் குப்பையையும் கொண்டுவருவதற்குத் திட்டம் போட்டார்கள். களனியில் ஏற்றி, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் இழுத்துவந்து அருவக்காட்டில் கொட்டுவது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு திட்டம் சூடுபிடித்தது. 2019 இல் குப்பை லொறிகளில் வந்தது. புத்தளம் மக்கள் நிலத்தடி நீரைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் கேட்டார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் அந்தப் பாரத்தை இழுக்கும் ரயில் எப்படி நிற்கும் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

ரயில் பிரேக் காருக்கு நேர்மாறானது. காரில் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ரயிலிலோ, பிரேக் பிடிக்காமல் இருப்பதற்குத்தான் வேலை செய்ய வேண்டும். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. நம் நாட்டில் நீண்டகாலமாகப் புழங்கும் வெற்றிட முறையில், எஞ்சின் அந்தக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடித்துவிடும். காற்றழுத்த முறையில், குழாயில் அடைத்த காற்று குறைந்தால் பிடிக்கும். கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும் படலையைப் போல; கயிறு அறுந்தால் அது தானாகச் சாத்திக்கொள்ளும். பெட்டிகள் கழன்றாலும் இரண்டு துண்டுகளும் தாமாகவே நிற்கும்.

அழகான ஏற்பாடு. ஆனால் ஓர் ஓட்டை உண்டு. நடுவில் எங்காவது குழாய் அடைபட்டால், அல்லது இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள அடைப்பானை யாராவது திறக்க மறந்தால், சாரதி பிரேக் போடும்போது அடைப்புக்கு முன்னாலுள்ள பெட்டிகள் மட்டுமே பிடிக்கும். பின்னாலுள்ள பாரம் முழுவதும் முன்னே தள்ளும். சாரதியின் முன்னாலுள்ள மானி எல்லாம் சரி என்றே காட்டும்.

அதனால்தான் கடைசியில் காட் இருக்கிறார். அவருடைய பெட்டியிலும் ஒரு மானியும் பிரேக் போடும் கைப்பிடியும் இருக்கின்றன. குழாய் கடைசி வரை உயிரோடு இருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்.

அமெரிக்காவும் கனடாவும் 1980களில் சரக்கு ரயில்களின் கடைசிப் பெட்டியிலிருந்து ஆளை எடுத்துவிட்டன. செலவு மிச்சம். அவருடைய இடத்தில், கடைசிப் பெட்டியின் கொளுவியில் மாட்டும் ஒரு பெட்டகம் வந்தது. அது குழாயோடு இணைந்து அழுத்தத்தை அளந்து, ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு தடவை 457.9375 மெகாஹேர்ட்ஸில் எஞ்சினுக்கு அறிவிக்கும். ரயில் நகர்கிறதா, மின்கலம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லும். ஆனால் முதலில் வந்தவற்றுக்குப் பேச மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. 1996 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் ஒரு சரக்கு ரயில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து தடம்புரண்டு, ஊழியர்கள் இருவர் இறந்தனர். 1994 இலும் அதே கணவாயில் ஒரு ரயில் இப்படி ஓடியிருந்தது. 1997 முதல் இருவழிக் கருவி கட்டாயமானது. இதில் சாரதி ஒரு விசையைத் தட்டினால் 452.9375 மெகாஹேர்ட்ஸில் கட்டளை போகும். பின்னாலுள்ள பெட்டகம் குழாயைத் திறந்துவிடும். அடைப்பு எங்கே இருந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் பிரேக் பிடித்துவரும். 16 நிமிடம் 30 செக்கனுக்குத் தொடர்பு இல்லையென்றால் எஞ்சினில் எச்சரிக்கை வரும்; அதன் பிறகு மணிக்கு 30 மைலுக்கு மேல் ஓடக்கூடாது.

வோக்கிடோக்கி ஒன்று வீட்டில் இருந்தாலே ஆபத்தாக இருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். அந்தக் கட்டளையை வேறு யாராவது அனுப்பினால்? அனுப்பலாம். செய்தி வழியில் சிதைந்ததா என்று அந்தக் கருவி கணக்குப் பார்க்கும். அனுப்பியவர் யார் என்று பார்க்காது. நீல் ஸ்மித் என்ற ஆய்வாளர் 2012 இலேயே சொன்ன இந்தப் பலவீனத்தை அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமை 2025 ஜூலையில்தான் பகிரங்கமாக எச்சரித்தது. கருவி வேறு, பலவீனம் ஒன்று: 2023 ஓகஸ்டில் போலந்தில் வானொலி வழி நிறுத்தச் சமிக்ஞையைப் போலியாக அனுப்பி 20 ரயில்கள் அளவில் நிறுத்தினார்கள்.

இந்தியாவும் சரக்கு ரயில்களில் இத்தகைய கருவிகளைப் பரீட்சிக்கிறது. ஆட்குறைப்பு என்ற பேச்சு இங்கும் எப்போதும் காற்றில் இருப்பதுதான். குப்பை ரயிலுக்கு அனுமதி கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் முதற் கேள்வி இது: கடைசிப் பெட்டியில் ஆளா, கருவியா? கருவியென்றால் அதற்குக் கேட்கவும் தெரியுமா, கட்டளையிடுபவரை அடையாளம் காணுமா? ஆளென்றால், அவருடைய மானியை யார், எப்போது பரிசோதித்தார்கள்? பொலிஸாரின் கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாவுக்குக் கடவை காத்தவர்கள் எத்தனை வருடம் வீதியில் நின்று போராடினார்கள் என்பது நமக்குத் தெரியும். ரயில் பாதுகாப்பில் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கடவையில் நிற்கும்போது எஞ்சின் போனதும் கிளம்பிவிடாமல் கடைசிப் பெட்டியையும் பாருங்கள். அதன் பின்புறத்தில், இரவென்றால் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். ரயில் முழுதாக வந்து சேர்ந்ததா என்று நிலைய அதிபர் உறுதிசெய்வது அதைப் பார்த்துத்தான். அது இல்லையென்றால் பெட்டிகள் சில பின்னால் தண்டவாளத்திலேயே நிற்கக்கூடும். அருகிலுள்ள நிலையத்துக்கு உடனே அறிவியுங்கள்.