வெளிநாட்டுக் கூட்டு ஒப்பந்தங்கள்: விமானிகளின் குரலுக்கு இடம் எங்கே?

புது தில்லி: 2024 நவம்பர் 11-ம் தேதி இரவுடன் "விஸ்தாரா' என்ற பெயர் இந்திய வானிலிருந்து மறைந்தது. மறுநாள் முதல் அதே விமானங்கள், அதே விமானிகளுடன், ஏர் இந்தியாவின் பெயரில் புறப்பட்டன. பயணிகளைப் பொருத்தவரை மாறியது பயணச்சீட்டில் உள்ள பெயர் மட்டுமே. ஆனால் விமானி அறையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அதற்கு முந்தைய ஓராண்டிலேயே சம்பளக் கணக்கு மாறிவிட்டது. பணி மூப்பு, ஓய்வு வயது ஆகியவை குறித்த கவலையும் அவர்களைப் பற்றிக்கொண்டிருந்தது.

விஸ்தாரா, டாடா சன்ஸ் 51 சதவீதம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 49 சதவீதம் என்ற பங்கு வீதத்தில் உருவான கூட்டு நிறுவனம். அது ஏர் இந்தியாவுடன் இணைந்ததன் மூலம் சிங்கப்பூர் நிறுவனத்துக்கு ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. இந்தப் பேரத்தில் முதலீட்டாளர்கள் பேசினர், அரசு பேசியது, போட்டி ஆணையம் பேசியது. விமானத்தை ஓட்டுபவர்கள் எந்தக் கட்டத்தில், எந்த மேஜையில் அமர்ந்து பேசினர் என்பதே இன்றும் தொடரும் கேள்வி.

ஒரே தொகை, இரு கதைகள்

இந்திய விமான நிறுவனங்களில் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் முதலீடு செய்வதற்கு 1990-களின் பிற்பகுதியில் தடை விதிக்கப்பட்டது. ஜெட் ஏர்வேஸில் பங்கு வைத்திருந்த கல்ஃப் ஏர், குவைத் ஏர்வேஸ் ஆகியவை அதனால் வெளியேற நேர்ந்தது. 2012 செப்டம்பரில்தான் மத்திய அமைச்சரவை 49 சதவீதம் வரை முதலீடு செய்ய அனுமதி அளித்தது.

அந்தக் கதவு வழியாக முதலில் வந்த பெரிய ஒப்பந்தம் ஜெட் - எதிஹாட் கூட்டு. 2013 ஏப்ரலில் அபுதாபியைச் சேர்ந்த எதிஹாட், ஜெட் ஏர்வேஸில் 24 சதவீதப் பங்குக்கு ரூ.2,058 கோடி தர முன்வந்தது. 2022 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவின் 25.1 சதவீதப் பங்குக்காகத் தர ஒப்புக்கொண்ட ரொக்கம் ரூ.2,058.5 கோடி. ஏறத்தாழ ஒரே தொகை, ஏறத்தாழ ஒரே அளவு பங்கு. இரண்டிலும் விமானிகளின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது: முடிவான பிறகு தெரிந்துகொள்பவர்கள் என்ற நிலை.

யாருடைய விமானம்?

பன்னாட்டுக் கூட்டு ஒப்பந்தங்களின் அடிப்படை எளிமையானது. இரு நிறுவனங்கள் ஒரு வழித்தடத்தில் கால அட்டவணை, கட்டணம், வருவாய் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. பயணி எந்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறினாலும் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட், நெதர்லாந்தின் கே.எல்.எம். ஆகிய நிறுவனங்கள் தொடங்கிவைத்த முறை இது.

நிர்வாகத்துக்கு இதனால் ஒரு வசதி. யாருடைய விமானம் பறந்தாலும் லாபம் வரும் என்பதால், செலவு குறைந்த கூட்டாளியின் விமானத்தைப் பறக்கவிடலாம். விமானிக்கு அந்த வசதி இல்லை. தன் நிறுவனத்தின் விமானம் பறந்தால்தான் அவருக்கு வேலை. தூர வழித்தடம் இருந்தால்தான் பெரிய விமானத்துக்கான பதவி உயர்வும் அதற்குரிய ஊதியமும். மும்பையிலிருந்து அபுதாபி வரை சிறிய விமானத்தில் இந்திய விமானியும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய விமானத்தில் கூட்டாளி நிறுவனத்தின் விமானியும் பறக்கும் ஏற்பாட்டில், பயணிக்கு இணைப்பு கிடைக்கிறது. இந்திய விமானியின் பயணம் அபுதாபியில் நின்றுவிடுகிறது.

ஜெட் - எதிஹாட் ஒப்பந்தத்தை ஒட்டி, இந்தியா - அபுதாபி இடையே வாரத்துக்கு 13,330 ஆக இருந்த இருக்கை ஒதுக்கீட்டை மேலும் 36,670 உயர்த்த அரசு ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றத்திலும் வெளியிலும் விவாதம் எழுந்தது. பெரும்பாலும் அது நாட்டின் விமானப் போக்குவரத்து உரிமைகள் பற்றிய விவாதமாகவே இருந்தது.

ஜெட் ஏர்வேஸில் சங்கம் இல்லாமல் இல்லை. தேசிய விமானிகள் சங்கம் 2009-ல் அமைக்கப்பட்டபோது அதில் முன்னின்ற 2 விமானிகள் நீக்கப்பட்டனர். அந்த செப்டம்பரில் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பில் சென்றனர். 5 நாள்கள் விமான சேவை முடங்கிய பிறகு இருவரும் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். 2017 ஏப்ரலில், வெளிநாட்டு விமானிகளுடன் இணைந்து பறக்க வேண்டாம் என்று இதே சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் நிறுவனமே நிலைகுலைந்தபோது சங்கத்தால் செய்ய முடிந்தது அதிகமில்லை. பல மாதச் சம்பளப் பாக்கியுடன் விமானிகள் காத்திருக்க, 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் தனது கடைசி விமானத்தை இயக்கி ஓய்ந்தது.

70-லிருந்து 40 மணி நேரம்

விமானியின் மாத வருவாயில் கணிசமான பகுதி பறக்கும் நேரத்துக்கான படி. பறந்தாலும் பறக்காவிட்டாலும் குறிப்பிட்ட மணி நேரத்துக்கான படி உறுதி என்பது பல நிறுவனங்களின் நடைமுறை. விஸ்தாராவில் அது 70 மணி நேரமாக இருந்தது.

2023 ஏப்ரலில் டாடா நிர்வாகம் ஏர் இந்தியா விமானிகளுக்குப் புதிய ஊதிய ஒப்பந்தத்தை முன்வைத்தது. உறுதி செய்யப்பட்ட நேரம் அதில் 40 மணியாக இருந்தது. இந்திய விமானிகள் கில்டு, இந்திய வர்த்தக விமானிகள் சங்கம் ஆகிய இரண்டும் அதை நிராகரித்தன. தங்களுடன் கலந்து பேசாமல் தயாரிக்கப்பட்ட ஒப்பந்தம் என்று குற்றம்சாட்டின. சுமார் 1,500 விமானிகள் கையெழுத்திட்ட மனு ரத்தன் டாடாவுக்கு அனுப்பப்பட்டது.

2024 தொடக்கத்தில், இணைப்புக்கு முன்னோடியாக அதே ஊதிய முறை விஸ்தாராவுக்கும் நீட்டிக்கப்பட்டது. 70 மணி நேரம் 40 ஆகக் குறைந்ததில், குறிப்பாகத் துணை விமானிகள் பாதிக்கப்பட்டனர். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பற்றாக்குறையால் ஏராளமான விமானங்கள் ரத்தாயின. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கேட்டது. நாள்தோறும் 25 முதல் 30 விமானங்கள் வரை, அதாவது மொத்தத்தில் சுமார் 10 சதவீதத்தை, விஸ்தாரா தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டது. ஏர் இந்தியாவின் இரு சங்கங்களும் விஸ்தாரா விமானிகளுக்கு ஆதரவாக டாடா குழுமத் தலைமைக்குக் கடிதம் எழுதின.

அதைத் தொடர்ந்து எழுந்தது ஓய்வு வயது பிரச்னை. விதிகளின்படி விமானிகள் 65 வயது வரை பறக்கலாம். ஆனால் ஏர் இந்தியாவில் ஓய்வு வயது 58, விஸ்தாராவில் 60. ஒரே நிறுவனத்தில், ஒரே விமானத்தில், ஒரே பணி செய்யும் இருவர் வெவ்வேறு வயதில் வீட்டுக்குப் போக வேண்டிய நிலை. 2025 ஆகஸ்டில் விமானிகளின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தி நிர்வாகம் இதற்குத் தீர்வு கண்டது.

பழைய காயம்

இணைப்பு என்றதும் ஏர் இந்தியா விமானிகள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 2007 ஆகஸ்டில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டபோது, இரு தரப்பு விமானிகளின் ஊதியமும் பணி மூப்பும் தீர்க்கப்படாமலே விடப்பட்டன. 2011-ல் சம ஊதியம் கோரி இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பு விமானிகள் 10 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2012-ல் போயிங் 787 ரக விமானப் பயிற்சியில் அவர்களுக்கும் இடமளிப்பதை எதிர்த்து, ஏர் இந்தியா தரப்பு விமானிகள் 58 நாள்கள் பணியைப் புறக்கணித்தனர். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. சுமார் 100 பேர் வேலை இழந்தனர். பல வெளிநாட்டுச் சேவைகள் நின்றன. காகிதத்தில் முடிந்த இணைப்பு விமானி அறையில் முடியவில்லை என்பதே அந்த 5 ஆண்டுகள் கற்றுத் தந்த பாடம்.

தொழிலாளியா, மேலாளரா?

2023-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் பணத்தைவிட முக்கியமான ஒரு பிரிவு இருந்தது. தலைமை விமானியாக 4 ஆண்டுகள் பூர்த்தி செய்தவர்கள் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவர் என்பதே அது. பதவியின் பெயர் உயர்கிறது. ஆனால் மேலாளராகிவிட்டவர் சங்கத்தில் தொடர்வது கேள்விக்குரியதாகிறது. அனுபவம் மிக்க உறுப்பினர்களை இழந்தால் தங்கள் பேர வலிமை என்னவாகும் என்று சங்கங்கள் கேட்டன.

விமானி "தொழிலாளி'தானா என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலமாக எழுந்துவரும் வழக்கு. ஊதியத்தின் அளவையோ பதவியின் பெயரையோ வைத்து இதை முடிவு செய்ய இயலாது. செய்யும் பணியின் தன்மையே முக்கியம் என்பது தொழிற்தகராறு வழக்குகளின் அடிப்படை. 2025-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் விமானிகளைத் தொழிலாளர்களாகவே ஏற்றது.

இதற்கிடையே, வேறு வேலைக்குச் செல்வதும் எளிதல்ல. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் வெளியிட்ட விதியின்படி, தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி 6 மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். பயணிகளின் வசதிக்காகக் கொண்டுவரப்பட்ட விதி இது. ஆனால் "பிடிக்கவில்லையென்றால் விலகலாம்' என்று சொல்லப்படும் விமானியின் கையிலிருந்து பேரத்தின் கடைசி ஆயுதத்தையும் அது பறித்துக்கொள்கிறது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் விமானிகளின் கூட்டு ஒப்பந்தங்களில், யார் எந்தச் சேவையை இயக்கலாம் என்று வரையறுக்கும் தனிப் பகுதியே உண்டு. டெல்டா நிறுவனம் ஏர் பிரான்ஸ் - கே.எல்.எம். குழுமத்துடன் அட்லாண்டிக் வழித்தடங்களில் கூட்டு வர்த்தகம் செய்தபோது, அந்தப் போக்குவரத்தில் டெல்டா விமானிகளுக்குக் குறைந்தபட்சப் பங்கு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. அந்தப் பங்கு குறைந்தபோது சங்கம் முறைப்படி புகார் தாக்கல் செய்தது. கூட்டாளியைச் சேர்க்கக் கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. கூட்டு வளரும்போது எங்கள் வேலையும் வளர வேண்டும் என்றது.

எல்லா இடத்திலும் இது வெற்றி பெறவில்லை. ஆஸ்திரேலியாவில், குவாண்டாஸ் பெயரில் பறக்கும் சேவைகளைக் குவாண்டாஸ் விமானிகளின் ஊதிய விதிகளின்படியே இயக்க வேண்டும் என்று 2011-ல் சங்கம் கோரியது. மற்ற சங்கங்களுடனும் மோதல் முற்றிய நிலையில், அக்டோபர் 29-ம் தேதி நிர்வாகம் தனது விமானங்கள் அனைத்தையும் தரையிறக்கியது. பின்னர் வந்த நடுவர் தீர்ப்பில் விமானிகளின் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2013-ல் குவாண்டாஸ், எமிரேட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து ஐரோப்பியச் சேவைக்கான இடைத்தங்கலைச் சிங்கப்பூரிலிருந்து துபைக்கு மாற்றியது.

அடுத்த சுற்று

இந்தியாவில் இப்பிரச்னை ஓய்ந்துவிடவில்லை. 2023-ல் இண்டிகோ, துருக்கி ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானங்களை அவர்களது விமானிகளுடனேயே குத்தகைக்கு எடுத்து இஸ்தான்புல்லுக்கு இயக்கியது. துருக்கியின் பாகிஸ்தான் ஆதரவு நிலை காரணமாக 2025-ல் அந்தக் குத்தகை சர்ச்சைக்குள்ளானது. அதே ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த நார்ஸ் அட்லாண்டிக்கின் 787 விமானங்கள் இண்டிகோவுக்காக ஐரோப்பாவுக்குப் பறந்தன. 2025 ஜூனில், தில்லியில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்த வேளையில், டெல்டா, ஏர் பிரான்ஸ் - கே.எல்.எம்., வர்ஜின் அட்லாண்டிக் ஆகியவற்றுடன் இண்டிகோ ஒத்துழைப்பை அறிவித்தது.

நிர்வாகங்களின் வாதத்தையும் புறந்தள்ள இயலாது. பெரிய விமானங்கள் ஆர்டர் செய்து பல ஆண்டுகள் கழித்தே வருகின்றன. அதுவரை சந்தையை வளைகுடா நிறுவனங்களிடம் விட்டுவிடாமல் காக்கக் கூட்டாளி தேவை. முதலீடு வந்தால்தான் புதிய விமானங்களும் அவற்றை ஓட்டும் வேலைகளும் வரும். ஆனால் அமெரிக்கக் கூட்டாளியின் விமானிகள், தங்கள் பங்கைக் காக்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தத்துடன் வருகின்றனர். இந்தியத் தரப்பு விமானிகளிடம் அத்தகைய காகிதம் இல்லை. பகிர்வில் இந்தியப் பங்கு குறைந்தால், அதைக் கேட்க அவர்களுக்கு வழியும் இல்லை.

புதிய சட்டம் தருவதும் எடுப்பதும்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தக் களத்தை மாற்றியிருக்கிறது. நிறுவனத்தின் தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கமாக ஏற்கப்படும். அப்படி எதுவும் இல்லையெனில், 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் கொண்ட பேச்சுவார்த்தைக் குழு அமையும். அதே சமயம், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். 50 சதவீதத்தினர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும்.

சட்டம் ஒரு நாற்காலியைத் தருகிறது. ஆனால் அதில் அமர 51 சதவீதம் வேண்டும். தரைப் பணியாளர்கள், விமானப் பணிப்பெண்கள், பொறியாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் உள்ள நிறுவனத்தில் சிறுபான்மையினரான விமானிகள் தனித்து அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. தலைமை விமானிகள் நிர்வாகப் பிரிவுக்கு மாற்றப்பட்டால், இருக்கும் எண்ணிக்கையும் சுருங்கும்.

விமானிகளுக்கு இது சம்பளப் பிரச்னை மட்டுமன்று. தில்லியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் செல்லும் இந்தியப் பயணியை நாளை யார் அழைத்துச் செல்வார்கள் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. சொந்தப் பணத்தில் பல லட்சம் செலவழித்து உரிமம் பெற்று, வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டு ஒப்பந்தங்கள் வரட்டும். அவற்றில் இந்திய விமானிகளுக்கான பங்கு எவ்வளவு என்ற ஒரு வரியும் சேர்ந்தே வரட்டும் என்பதே அவர்கள் முன்வைக்கக்கூடிய நியாயமான கோரிக்கை. அந்த வரியை எழுதும் இடம் பேச்சுவார்த்தை மேஜைதான். வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய நீதிமன்ற வளாகம் அல்ல.