கணிப்பொறியும் கோடை வெயிலும்

வேலூர் மாநகரைச் சார்ந்த சத்துவாச்சாரியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. அந்நாள்களில், விளையாட்டுக்கென வீட்டில் அமைத்த கணிப்பொறி தொடக்கத்தில் விரைந்து இயங்கிச் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். புதிய வரைகலை அட்டை வாங்கினாலன்றி இக்குறை தீராது எனப் பலர் கருதுவர். அஃது எப்போதும் உண்மையன்று.

கணிப்பொறியின் செயலி, தான் பெறும் மின்னாற்றலை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாற்றிவிடுகிறது. அவ்வெப்பத்தை உலோகத் தகடுகள் ஏற்க, விசிறி அதனை வெளியேற்றுகிறது. விசிறி வீசுவது அறைக்காற்றே. ஆதலின் அறையினும் குளிர்ச்சியாகச் செயலி இருத்தல் இயலாது. தூசி தகடுகளை அடைத்தாலும், செயலிக்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள வெப்பப் பசை உலர்ந்தாலும் வெப்பம் தேங்கும். 100 பாகையை நெருங்கியதும் பல செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

ஆகவே, முதலில் வெப்பநிலையை அளந்தறிதல் வேண்டும். பின்னர் மின் இணைப்பைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் தூசியை நீக்கிப் புதுப்பசை இடுதல் வேண்டும். வெப்பம் தணிந்தபின்னும் வேகம் பெருகாவிடின், அப்போது புதிய உறுப்பு வாங்குவதைப் பற்றி எண்ணலாம்.

தோல் தொழிலகத்தில் உழைத்துப் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள், காரணம் அறியாத அவசரத்தில் வீணாதல் தகாது.