ஒரே ஊரில் ஒன்பது நாள்

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. அதற்காக எங்களை ஒரு வெளிநாட்டுக் கடற்கரைக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு ஆசை. தர்மபுரிக்காரியான எனக்குத் தண்ணீர் என்றால் ஒகேனக்கல்தான். கடலை ஆசை தீரப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு கவலை. போன வருஷம் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறிவிட்டது, மனசு தேறவில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவரோ தெருமுனைக் கடைக்குப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

மகள் இலங்கையில் "ஏழு நாளில் ஆறு ஊர்" என்று ஒரு திட்டம் போட்டு அனுப்பினாள். படித்ததுமே எனக்கு மூச்சு வாங்கியது.

"கண்ணு, தினம் ஒரு ஊரில் பெட்டியை அவிழ்த்துக் கட்ட அப்பாவால் முடியாது. ஒரே ஊர் போதும்" என்றேன்.

"ஒரே ஊர்ல ஒன்பது நாள் என்னம்மா பண்ணுவீங்க?"

"வீட்டுல என்ன பண்றோமோ, அதைத்தான். நடப்போம், சமைப்போம், மத்தியானம் தூங்குவோம்!"

இவருக்கு லீவு கிடைத்ததோ ஜூன் மாதத்தில். இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். கடல் சீறும். கூட்டம் இருக்காது; அறை வாடகையும் இறங்கும். கிழக்குக் கரையில் நேர்மாறு. அதே மாதங்களில் அங்கே கடல் அமைதி, பயணிகள் கூட்டம். கூட்டமில்லாத காலமே எங்களுக்குப் பொருத்தம் என்று தோன்றியது.

மூன்று ஊர்களை யோசித்தோம். திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கிறது, தமிழ் பேசும் ஊர், ஜூனில் கடலில் குளிக்கலாம். ஆனால் கொழும்பிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டும். நீர்கொழும்பு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். மீன் சந்தையும் மாதா கோயில்களும் நிறைந்த கலகலப்பான இடம். ஆனால் அங்கே நடை என்றால் பெரும்பாலும் கடற்கரை மணலில்தான், இவருக்குச் சிரமம். வந்து இறங்கும் இரவுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம். கடைசியில் நாங்கள் தங்கியது தெற்கே இருக்கும் காலி என்ற ஊரில், கோட்டைக்குள்ளே.

நான் கேட்ட ஐந்து கேள்விகள்

சகோதரிகளே, சீஸன் இல்லாத சமயத்தில் கடலை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; ஊரை நம்பித் தேர்ந்தெடுங்கள். நான் கேட்ட கேள்விகள் இவை.

பயணிகள் வராவிட்டாலும் ஊர் நடக்குமா? சின்னக் கடற்கரை ஊர்களில் மழை மாதங்களில் சில ஓட்டல்கள் மூடிவிடுகின்றன. மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் படகில் போவதுகூட நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்லது. காலியோ மாவட்டத் தலைநகர். சந்தை, ரயில், பஸ், மருந்துக் கடை எல்லாம் வருஷம் முழுக்க உண்டு.

பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? காலிக்குப் பக்கத்திலேயே கராப்பிட்டியவில் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 1990 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். இந்தச் சேவை 2016-ல் நம் நாட்டின் உதவியோடுதான் அங்கே தொடங்கியது. இதைச் சொன்ன பிறகே இவர் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார்.

கடலில் இறங்காமல் கடலை அனுபவிக்க முடியுமா? ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிட்டுத் தூர நின்று பார்ப்போமில்லையா, அப்படித்தான். காலிக் கோட்டையைப் போர்த்துகீசியர் 1588-ல் கட்டத் தொடங்க, 1640-ல் பிடித்த டச்சுக்காரர்கள் பெரிதாக்கினார்கள். 1988-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. அதன் மதில்மேலேயே நடக்கலாம். நிதானமாகச் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீழே அலை பாறையில் மோதி மேலே தெறிக்கும். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை. காற்று பலமான நாளில் ஓரத்துக்குப் போகக் கூடாது.

பேச்சுத் துணை கிடைக்குமா? ஊரில் சிங்களம்தான் அதிகம். ஆனால் கோட்டைக்குள் பல தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. நாங்கள் மாடியில் தங்கிய வீடும் அப்படி ஒன்று. 1409-ம் வருஷத்துச் சீனக் கல்வெட்டு ஒன்று காலியில் 1911-ல் கிடைத்தது. சீனம், பாரசீகத்தோடு தமிழும் அதில் இருக்கிறதாம். இப்போது அது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

அடுப்பு உண்டா? இது பெண்கள் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே குழம்பு, கறி எல்லாவற்றிலும் தேங்காய்ப் பால். இவருக்கு ஆகாது. சின்ன அடுப்படியோடு வீடு எடுத்ததால் பிழைத்தோம். நம் கேழ்வரகுக்கு அங்கே குரக்கன் என்று பெயர். குரக்கன் மாவு வாங்கிக் களி கிண்டினேன். வீட்டுக்கார அம்மா ருசி பார்த்துவிட்டு, அவர்கள் அதில் செய்யும் பிட்டைப் பற்றிச் சொன்னார்.

சில குறிப்புகள்

மழை நாள் முழுக்கக் கொட்டுவதில்லை, கொட்டும், வெறிக்கும். ஆனால் துணி காயாது. காற்றோட்டமான மாடி அறையாகக் கேளுங்கள். தரைத்தள அறையில் ஈர வாடை வரும். சீக்கிரம் உலரும் துணிகளும் ஒரு கயிறும் எடுத்துப் போங்கள்.

இந்த மாதங்களில் டெங்கு அதிகம். கொசுவலை இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். முழுக்கைச் சட்டை நல்லது.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் மாத்திரை வேளை மாறாது. இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பழைய நோயை மறைக்காதீர்கள்.

பௌர்ணமிதோறும் அங்கே 'போயா' விடுமுறை. பல கடைகள் அடைத்திருக்கும், ரயிலிலும் கூட்டம். முதல் நாளே காய்கறி வாங்கிவிட வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படுமுன் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மதில்மேல் நடந்தார். நாலாம் நாள் கையை விட்டார். ஆறாம் நாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்து எழுந்தால் ஆளைக் காணோம், குடையையும் காணோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கார அம்மாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அரை மணி கழித்து, நனைந்த வேட்டியோடு, கையில் ஒரு கட்டு ரம்புட்டான் பழத்தோடு வருகிறார்!

"ஏங்க, சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொன்னா நீயும் வந்திருப்பே. தனியாப் போக முடியுதான்னு பார்த்தேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. ஆறு ஊர் சுற்றியிருந்தால் அந்த ஊர்களை எல்லாம் பார்த்திருப்போம். ஒரே தெருவில் தினமும் நடந்ததால்தான், அந்தத் தெரு இவருக்குப் பழகிப் பயம் போயிற்று. இப்போது தர்மபுரியில் விடிகாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் போயிட்டு வர்றேன்" என்று இவரே கிளம்பிவிடுகிறார். எனக்கு அந்த ஒன்பது நாளில் கிடைத்த பரிசு இதுதான்.