கோல்ப் வண்டி பணியிட விபத்துகள்

கோல்ப் மைதானம், கேளிக்கைப் பூங்கா, விடுமுறை விடுதி போன்ற பொழுதுபோக்கு இடங்களில் ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிச் செல்லும் சிறிய திறந்த வண்டிகளால் பணியாளர்களுக்கு நேரும் விபத்துகள், கோல்ப் வண்டி பணியிட விபத்துகள் எனப்படுகின்றன. மெதுவாகச் செல்வதால் இவ்வண்டிகள் ஆபத்தற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரை, பணியாளர்கள், விளையாட வந்தவர்கள் என எல்லோரையும் சேர்த்து, சுமார் 1,48,000 பேர் இவற்றால் காயமடைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வண்டியிலிருந்து கீழே விழுதலே முதன்மைக் காரணமாக இருந்தது.

காரணங்கள்

பெரும்பாலான கோல்ப் வண்டிகளில் கதவோ இருக்கைப் பட்டையோ இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், அமர்ந்திருப்பவர் தம் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேலான விசையால் வெளிப்புறம் தள்ளப்படுவதாக உணர்வார். வேகத்தைப் பாதியாக்கினால் இவ்விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். சரக்குத் தட்டில் உட்கார்ந்தோ, பக்கவாட்டில் தொற்றிக்கொண்டோ செல்லும் பணியாளருக்குப் பிடிமானம் இன்னும் குறைவு.

பல வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரங்களின் பிடிப்பு தளரும். அப்போது, குறிப்பாக ஈரப்புல்லில், பிரேக்கை அழுத்தினால் வண்டி சறுக்கிக் கவிழக்கூடும்.

ஈய-அமில மின்கலங்களை மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளியாகும். காற்றில் இதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினால், ஒரு தீப்பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். மின்கலத்திலுள்ள கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் பாதிக்கும்.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் மணிக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் வரை உச்சவேகம் கொண்ட குறைவேக வாகனங்களுக்கு 1998 முதல் இருக்கைப் பட்டை கட்டாயம். அதைவிட மெதுவான கோல்ப் வண்டிகள் இவ்விதிக்குள் வருவதில்லை. எனினும், உயிரிழப்போ கடும் காயமோ விளைவிக்கும் அறியப்பட்ட ஆபத்துகள் இல்லாத பணியிடத்தை முதலாளி அளிக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, நலச் சட்டம் கூறுகிறது.

தடுப்பு முறைகள்

பயிற்சி பெற்றவர் மட்டுமே ஓட்டுதல், இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றாமை, சரிவுக்கும் வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்தல், சுமையைத் தாழ்வாக வைத்துக் கட்டுதல், இறங்குமுன் நிறுத்த பிரேக்கைப் போடுதல், காற்றோட்டமுள்ள இடத்தில் மின்னேற்றுதல் ஆகியவை விபத்துகளைக் குறைக்கும். வண்டியின் உருவம் சிறியதாயினும் அதையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கருதிக் கையாள்வது இவை அனைத்துக்கும் அடிப்படையாகும்.