கண்மாய் நீரும் கணினி நினைவகமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவர்க்கு நீர்க்கணக்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாய் தேக்கி வைத்தால்தான் வயல் விளையும். ஆயக்கட்டில் அனைவருக்கும் உரிமை உண்டு; எனினும் ஒரே நாளில் அனைவரும் கேட்டால் கண்மாய் தாங்காது. ஆதலின், மடையைத் திறந்து அடைக்க நீர்பாய்ச்சி என்றொருவரைப் பொறுப்பாக வைப்பது பழைய வழக்கம். இதே சிக்கல் கணினிக்குள்ளும் எழுகின்றது.

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் பல கணினிகளை அமைக்கலாம். இவற்றை மெய்நிகர் கணினிகள் என்பர். இவற்றுக்கு நினைவகத்தைப் பங்கிடும் நீர்பாய்ச்சி, இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னல். லினக்ஸ் கெர்னலில் இப்பணிக்குரிய கே.வி.எம். என்னும் பகுதி 2007ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

16 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில், மூன்று மெய்நிகர் கணினிகளுக்குத் தலைக்கு 8 ஜிகாபைட் தருவதாக வாக்களிக்கலாம். கூட்டினால் 24 ஆகிறதே! இஃது எவ்வாறு இயலும்? கெர்னல் முழுப் பங்கையும் முன்னதாகவே எடுத்து வைப்பதில்லை. தேவைப்படும்போதுதான், பெரும்பாலும் 4096 பைட் அளவுள்ள சிறு பக்கங்களாக அளிக்கின்றது. மூன்றும் ஒருங்கே முழுப்பங்கைக் கேட்கும் நாளில்தான் இடர் வருகின்றது. கெர்னல் முதலில் சில பக்கங்களை வட்டுக்கு மாற்றும், வேகம் குன்றும். அதுவும் போதாவிடில், பெரும்பாலும் மிகுதியான நினைவகத்தைக் கொண்டுள்ள நிரலை முடித்துவிடும். கெர்னலின் கணக்கில் மெய்நிகர் கணினியும் ஒரு நிரலே. ஆகவே, அது மின்சாரம் அறுந்தாற்போல நின்றுவிடும். சேமிக்கப்படாத பணியெல்லாம் வீணாகும். நெருக்கடிக்குக் காரணம் ஒன்றாகவும், மடிவது மற்றொன்றாகவும் இருத்தல் கூடும்.

இதனைத் தடுக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி, 2008 ஏப்ரலில் வெளியான 2.6.25ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதனை ஆக்கியோருள் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பல்பீர் சிங் குறிப்பிடத்தக்கவர். இதன் பிற்கால வடிவில் மூன்று அளவுகள் முக்கியமானவை. ஒன்று, எவரும் பறிக்கவியலாத அடிப்பங்கு. இரண்டு, கடந்தால் வேகம் தணிக்கப்படும் எச்சரிக்கை அளவு. மூன்று, கடக்கவே இயலாத மேல்வரம்பு. மேல்வரம்பை எட்டியதும், கெர்னல் அந்தப் பிரிவிலிருந்தே நினைவகத்தை மீட்க முயலும். இயலாவிடில் அப்பிரிவிலுள்ள நிரலே முடிக்கப்படும். அயலார் பிழைப்பர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. 4 ஜிகாபைட் மெய்நிகர் கணினிக்கு மேல்வரம்பையும் சரியாக 4 என வைத்தல் பிழை. அதனை இயக்கும் மென்பொருளுக்கும் சிறிது இடம் வேண்டும். வாய்க்காலில் ஓடும் நீரில் ஒரு பகுதியை மண் உறிஞ்சுவதைக் கணக்கில் கொள்ளாதவன் கடைமடையைக் காயவிடுவான். ஆகவே தலைக்கு நாலரை என வைத்தால், மூன்றுக்கும் பதின்மூன்றரை ஆகும். எஞ்சிய இரண்டரை கெர்னலுக்கும் பிற பணிகளுக்கும் உதவும்.

கண்மாய் நிறைந்திருக்கும்போது எவரும் முறையைப் பற்றிப் பேசுவதில்லை. வற்றிய பின் பேசிப் பயனில்லை. நினைவகத்தின் வரம்பையும் நிறைந்திருக்கும் நாளிலேயே வகுத்தல் அறிவுடைமை.